டாக்டரிடம் கேளுங்கள்: தும்மலும் தைராய்டும்

தைராய்டு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் சொன்னதும் வந்து குவிந்தவற்றில் ஒரு பெரிய பங்கு மூக்கைப் பற்றியதாக இருந்தது. "எனக்குத் தைராய்டும் இருக்கு, அலர்ஜியும் இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?" என்பதுதான் எல்லாவற்றின் சாரமும். சம்பந்தம் உண்டு, ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அளவுக்கு இல்லை. ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் பதில் மாறுவதால் கடிதங்களைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன். டோக்கியோ கடிதம் முதலில் வருகிறது, காரணம் இந்த விஷயத்தை அதிகம் ஆராய்ந்தவர்கள் ஜப்பான்காரர்கள்தான்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. சென்னையில் இருந்தபோது கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது) வந்து, ஒன்றரை வருடம் அதை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினேன். அதன் பிறகு எல்லாம் நார்மல். கணவர் வேலைக்காக டோக்கியோ நிஷிகசாய் வந்தோம். முதல் வருடம் ஒன்றும் இல்லை, இப்போது பிப்ரவரி பிறந்தாலே தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். இந்த வருடம் அது அடங்கிய கையோடு மே மாதத்தில் படபடப்பும் கை நடுக்கமும் வந்துவிட்டது. டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராய்டு அதிகம் சுரந்தால் இது இறங்கும்) 0.01. "பூந்தாது அலர்ஜிக்குப் பிறகு கிரேவ்ஸ் திரும்புவது உண்டு" என்கிறார் இங்குள்ள மருத்துவர். நம்புவதா? அலர்ஜிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் சொல்கிறார்கள், அதைத் தொடங்கலாமா?
— பெயர் வேண்டாம், டோக்கியோ

பதில்: தாராளமாக நம்பலாம். அவர் காற்றில் இருந்து எடுத்துச் சொல்லவில்லை. 1993லேயே ஒசாகா மருத்துவர்கள், அடங்கியிருந்த கிரேவ்ஸ் நோய் மூக்கு அலர்ஜி வந்து போன பிறகு திரும்பியதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 2003ல் அதே குழுவினர் இன்னும் ஒரு படி போய், கிரேவ்ஸ் நோயாளிகளுக்குப் பூந்தாதுப் பருவத்து அலர்ஜி வந்த பின் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ரத்தத்தில் ஏறுவதை அளந்து காட்டினார்கள். இது ஏன் ஜப்பானில் கண்ணில் பட்டது என்றால், நீங்கள் இப்போது பார்க்கிற அந்த சுகி என்ற ஜப்பான் சீடர் மரங்கள்தான் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரக்கட்டை வேண்டும் என்று மலை மலையாக நட்டார்கள், அப்புறம் வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்ததால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இன்று சுமார் 44 லட்சம் ஹெக்டேரில் முற்றிய சுகி நின்று பூந்தாதைக் கொட்டுகிறது. இந்த அலர்ஜி முதலில் பதிவானது 1964ல், நிக்கோ பக்கத்தில். 2019ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 38.8 பேருக்கு சுகி அலர்ஜி இருந்தது, 1998ல் அது 16.2 மட்டுமே. 2023ல் அரசாங்கமே இதைத் தேசியப் பிரச்சினை என்று சொல்லி, பத்து வருடத்தில் சுகிக் காடுகளை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கத் திட்டம் போட்டது. இத்தனை பேருக்கு ஒரே மாதத்தில், ஒரே காரணத்தால் அலர்ஜி வந்தால், அதற்கு அடுத்த மாதம் வேறு என்ன நடக்கிறது என்று பார்ப்பது சுலபம். நம் ஊரில் வருடம் முழுக்க யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றுக்குத் தும்மிக்கொண்டே இருப்பதால் இப்படிக் கோடு போட்டுப் பார்க்க முடிவதில்லை.

உங்களுக்கு முதல் வருடம் ஒன்றும் இல்லாமல் பிறகு வந்ததிலும் ஆச்சரியம் இல்லை. உடம்பு ஒரு பூந்தாதை முதலில் சந்தித்து, அதற்கென ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயாரித்து வைத்துக்கொள்ள ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஆகும். அது தயாரான பிறகுதான் தும்மல்.

அது எப்படிக் கழுத்து வரை போகிறது? அலர்ஜியின்போது ஒரு வகை டி செல்கள் (எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்கள்) விழித்துக்கொண்டு இன்டர்லூகின் 4, 13 போன்ற ரசாயனங்களைச் சுரக்கின்றன. இவை பி செல்களை ஆன்டிபாடி தயாரிக்கத் தூண்டுபவை. கிரேவ்ஸ் நோயும் அடிப்படையில் ஆன்டிபாடி நோய்தான்: தைராய்டில் டிஎஸ்ஹெச் வந்து ஒட்டுகிற இடமான டிஎஸ்ஹெச் ரிசெப்டர் மேல் போய் உட்கார்ந்து, சுரப்பியை ஓயாமல் வேலை வாங்கும் ஓர் ஆன்டிபாடி. அதைத் தயாரிக்கத் தெரிந்த பி செல்கள் மருந்தை நிறுத்திய பிறகும் உங்கள் உடம்பில் தூங்கிக்கொண்டு இருக்கலாம். பூந்தாதுக்காக எழுந்த சத்தத்தில் அவையும் எழுந்துகொள்கின்றன என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். ஷின்ஷூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னொரு பக்கத்தில் இருந்து இதைப் பார்த்தார்கள். கிரேவ்ஸ் நோயாளிகளில் ஐஜிஇ அதிகம் இருந்த ஒரு பிரிவினருக்கு, மருந்து கொடுத்தாலும் அந்த ஆன்டிபாடி இறங்குவது மெதுவாகவே இருந்ததாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு "சுகி மரம்தான் என் நோய்க்குக் காரணம்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டு நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு கிரேவ்ஸ் எப்படியும் திரும்பும், சுகி மரத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும்தான். ஏற்கெனவே சாய்ந்திருந்த உடம்பை அலர்ஜி ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது அவசரமாகத் தெரிய வேண்டியது வேறு ஒன்று. அலர்ஜிக்குப் பின் வரும் படபடப்பு எல்லாமே கிரேவ்ஸ் இல்லை. அதே ஒசாகா குழுவினர், வலியில்லாத தைராய்டு அழற்சியும் இப்படி வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் சுரப்பி புதிதாக ஹார்மோனைத் தயாரிப்பதில்லை, சேர்த்து வைத்திருந்தது கசிந்து வெளியே வருகிறது, சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அதற்குக் கார்பிமசோல் கொடுத்துப் பயனே இல்லை, படபடப்புக்கு மட்டும் மாத்திரை போதும். ஆகவே டிஎஸ்ஹெச் ரிசெப்டர் ஆன்டிபாடியைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது ஏறியிருந்தால் கிரேவ்ஸ். இல்லையென்றால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே மாத்திரையைத் தொடுவது நல்லது.

நாக்கடி மாத்திரை: இப்போது வேண்டாம். 2018ல் இருந்து அங்கே கிடைக்கிற சிடாக்யூர் நல்ல சிகிச்சைதான், மூன்று முதல் ஐந்து வருடம் எடுத்தால் பலருக்கு மூக்கு அமைதியாகிறது. ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் திருப்பிப் பழக்குகிற வேலை, ஆட்டோஇம்யூன் நோய், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், கொதித்துக்கொண்டிருக்கும்போது அதைத் தொடங்கக் கூடாது என்பது பொது விதி. எப்படியும் பூந்தாது பறக்கும் மாதங்களில் அதைத் தொடங்க மாட்டார்கள். தைராய்டு அடங்கி நிலையாக இருக்கும்போது, இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும். அதுவரைக்கும் மாஸ்க், கண்ணாடி, துணியை வீட்டுக்குள் உலர்த்துவது, தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமின் (அலர்ஜி மாத்திரை), மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, இவையே போதும். ஸ்பிரேவை ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிட்டால் பாதி அவஸ்தை குறையும். இதனால் கிரேவ்ஸ் வராமல் தடுக்கலாம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்குவீர்களே, அதற்காகவே செய்யலாம். உங்களைப் போன்றவர்களுக்கு என் யோசனை, ஜனவரியில் ஒரு தைராய்டு டெஸ்ட், மே மாதம் இன்னொன்று.

அந்த ஊரில் இருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். கொம்பு என்ற கடல்பாசியைப் போட்டுக் கொதிக்க வைத்த சூப்பை, மீன் இல்லை சைவம்தான் என்று நம்மவர்கள் விரும்பிக் குடிக்கிறார்கள். ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், உலர்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். தொண்டை கரகரத்தால் கொப்பளிக்கிற அந்தப் பழுப்பு நிற மருந்தும் அயோடின்தான். கிரேவ்ஸ் வந்தவர்கள் இரண்டையும் தினசரிப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது. நம் ஊர் பீட்டாடின் கார்கிளுக்கும் இதே பேச்சுதான்.

கேள்வி: என் மனைவிக்கு ஹஷிமோட்டோ தைராய்டு (எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரித்து, தைராய்டு குறைவது), தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை. மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்ததும் இருபது முப்பது தும்மல், நாள் முழுக்க மூக்கடைப்பு. தைராய்டால்தான் அலர்ஜியா? செட்ரிசின் சாப்பிட்டால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பக்கத்து வீட்டு டாக்டரை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம். செட்ரிசின், லீவோசெட்ரிசின், மான்டெலுகாஸ்ட் எதுவும் தைராய்டு மாத்திரையைக் கெடுப்பதில்லை. கெடுப்பவை வேறு: கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள், அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல், அப்புறம் நம் ஊர் ஃபில்டர் காபி. மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பவர்கள் பாதி மருந்தைக் காபிக்குக் கொடுத்துவிட்டு "டோஸ் பத்தலை" என்கிறார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புக்கு நான்கு மணி நேர இடைவெளி.

ஹஷிமோட்டோ அலர்ஜியை உண்டாக்குமா என்றால், டோக்கியோ கடிதத்துக்கு எழுதியதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. கிரேவ்ஸில் முன்னால் நிற்பது ஆன்டிபாடி, ஹஷிமோட்டோவில் சுரப்பிக்குள்ளேயே நுழைந்து அரிக்கிற செல்கள். 1912ல் ஃபுகுவோகாவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியதும் இதைத்தான், சுரப்பி முழுக்க நிணநீர்ச் செல்கள் குடியேறியிருக்கின்றன என்று. அது ஆட்டோஇம்யூன் நோய் என்று லண்டன்காரர்கள் ஆன்டிபாடியைக் கண்டுபிடித்துச் சொல்ல 1956 ஆகிவிட்டது, அதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பருவ அலர்ஜி வந்து ஹஷிமோட்டோ முற்றியது என்பதற்கு கிரேவ்ஸில் இருக்கிற மாதிரி ஆதாரம் கிடையாது. இரண்டும் ஊரில் சர்வசாதாரணம் என்பதால் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது தற்செயலாகவே நடக்கும்.

ஆனால் மூக்கடைப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். தைராய்டு ஹார்மோன் குறைவாக இருந்தால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைத்துக்கொள்ளும், குரல் கட்டும், காலையில் கண்ணுக்குக் கீழே உப்பும். அது அலர்ஜி இல்லை, செட்ரிசினுக்கு அடங்காது, உள்ளதற்கு மேலே தூக்கத்தைத்தான் கொடுக்கும். தும்மலும் அரிப்பும் இருந்தால் அலர்ஜி, வெறும் அடைப்பு மட்டும் வருடம் முழுக்க இருந்தால் டிஎஸ்ஹெச் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கிறதா என்று யோசியுங்கள். உங்கள் மனைவிக்குக் காலைத் தும்மல் இருப்பதால் அலர்ஜிதான் என்று தோன்றுகிறது. குளிருக்கு எடுத்த கம்பளியில் இருக்கும் தூசிப் பூச்சி, மழைக்குப் பின் தழைத்த பார்த்தீனியம், பொங்கலுக்காகப் பரணை இறக்கி ஒட்டடை அடிப்பது, கடைசியாகப் போகிப் புகை என்று அந்த இரண்டு மாதத்தில் மூக்குக்கு வேறு எதிரிகளே வேண்டாம். ஒட்டடைக் கம்பை இந்த வருடம் நீங்கள் பிடித்தால் என்ன?

ஒரு எச்சரிக்கை. "ஒரு ஊசி போட்டா மூணு மாசத்துக்குத் தும்மலே வராது" என்று யாராவது சொன்னால் அது ஸ்டீராய்டு ஊசி. மூக்கு ஸ்பிரே பரவாயில்லை, அது உடம்புக்குள் போவது மிகக் குறைவு. ஊசியும் மாத்திரையும் டிஎஸ்ஹெச்சைக் கீழே அழுத்திவிடும், அந்த நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி டோஸைக் குறைத்துவிட்டால் அப்புறம் ஒரே சோர்வு.

கேள்வி: எட்டு மாதமாக உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கிறது, சில மணி நேரத்தில் மறைந்து வேறு இடத்தில் வருகிறது. கத்தரிக்காய், இறால், முட்டை எல்லாம் விட்டாயிற்று. தோல் டாக்டர் தைராய்டு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார். டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டில் உள்ள டிபிஓ என்ற புரதத்துக்கு எதிரானது) 600க்கு மேல், டிஎஸ்ஹெச் நார்மல். தோலுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்? தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டுமா?
— 28 வயதுப் பெண், சென்னை

பதில்: அலர்ஜி மாதிரித் தெரியும் நோய்களில் தைராய்டோடு உறவு மிக உறுதியாக நிற்பது உங்களுடையதுதான், பூந்தாது கூட இதற்குப் பின்னால்தான். இப்படித் தடித்து அரித்து மறைவதற்குக் காணாக்கடி என்று பெயர், ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்டது என்கிறோம். அதில் பெரும்பாலானவர்களுக்கு வெளியே இருந்து வரும் எந்தப் பொருளும் காரணம் இல்லை. கனடாவில் 1983லேயே இப்படிப்பட்டவர்களிடம் தைராய்டு ஆன்டிபாடி சாதாரண ஜனங்களைவிட அதிகம் என்று கவனித்து எழுதினார்கள். பிற்பாடு, சிலருக்குத் தைராய்டின் அதே டிபிஓ புரதத்துக்கு எதிராக ஐஜிஇ வகை ஆன்டிபாடியே இருப்பதும் தெரிய வந்தது. அதாவது, மற்றவர்களுக்குப் பூந்தாது செய்கிற வேலையை இவர்களுக்குச் சொந்தத் தைராய்டுப் புரதமே செய்கிறது. அலர்ஜி, ஆட்டோஇம்யூன் என்று பாடப்புத்தகத்தில் நாம் போட்ட வேலி இந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

ஆகவே உங்கள் தோல் டாக்டர் சரியான டெஸ்ட்டைத்தான் எழுதியிருக்கிறார். இப்போதைய சர்வதேச வழிகாட்டிகளும் நாள்பட்ட காணாக்கடிக்கு டிபிஓ ஆன்டிபாடியும் மொத்த ஐஜிஇ அளவும் பார்க்கச் சொல்கின்றன. டிபிஓ அதிகமாகவும் ஐஜிஇ குறைவாகவும் இருப்பவர்களுக்கு ஐஜிஇயைக் கட்டிப்போட்டுக் காணாக்கடியை அடக்கும் ஓமாலிசுமாப் ஊசி சரியாகக் கேட்காமல் போக வாய்ப்பு அதிகம். அந்த ஊசி விலை உயர்ந்தது, எனவே இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது பர்ஸுக்கும் நல்லது.

தைராய்டு மாத்திரை வேண்டாம். டிஎஸ்ஹெச் நார்மலாக இருக்கும்போது காணாக்கடிக்காக அதைக் கொடுப்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. டிபிஓ ஆன்டிபாடி பத்தில் ஒருவருக்கு இருக்கும், பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே வராது. இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்தில் 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், உங்களைப் போல ஆன்டிபாடி இருந்து டிஎஸ்ஹெச் நார்மலாக இருந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றில் சுமார் 2 பேருக்குத்தான் தைராய்டு குறைந்தது. வருடம் ஒரு தடவை டிஎஸ்ஹெச், கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் அதற்கு முன்பே ஒரு தடவை, அது போதும். தோலுக்குத் தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமினைத் தினமும் விடாமல் எடுக்க வேண்டும், அரிக்கும்போது மட்டும் போட்டால் கேட்காது. ஒன்று போதவில்லை என்றால் மருத்துவர் பார்வையில் நான்கு மடங்கு வரை ஏற்றலாம். உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். கத்தரிக்காய் திரும்பச் சாப்பிடலாம், இறாலும் முட்டையும்கூட, சாப்பிட்ட உடனே ஒவ்வொரு தடவையும் தடித்தால் தவிர.

கேள்வி: அப்பாவுக்கு 52 வயது, சிகரெட் பழக்கம் உண்டு. நான்கு மாதமாகக் கண் சிவந்து தண்ணீர் வடிகிறது. அலர்ஜி என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுகிறார். போட்டோவில் பார்த்தால் ஒரு கண் முன்பைவிடப் பெரிதாக இருக்கிற மாதிரித் தெரிகிறது, எடையும் குறைந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?
— திருச்சி

பதில்: ஆமாம், இந்த வாரமே. அலர்ஜிக் கண் இரண்டும் சேர்ந்து அரிக்கும், கசக்கக் கசக்க இன்னும் அரிக்கும், பருவம் முடிந்தால் போகும். உங்கள் அப்பாவுக்கு அரிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கண் பெரிதாகத் தெரிவது, மேல் இமை ஏறி வெள்ளை தெரிவது, மணல் விழுந்த உறுத்தல், பக்கவாட்டில் அல்லது மேலே பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிவது, கூடவே எடை குறைவு என்றால் முதலில் நினைக்க வேண்டியது தைராய்டுக் கண் நோயைத்தான். கிரேவ்ஸின் அதே ஆன்டிபாடி கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் தசையையும் வீங்க வைப்பதால் வருவது. சிலருக்கு ஒரு கண்ணில்தான் முதலில் தெரியும். சிகரெட் இந்த நோய்க்கு எரிகிற தீயில் எண்ணெய், அதை விட்டாலே சிகிச்சை பாதி வேலை செய்யும் என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள், மகன் சொன்னால் கேட்காதவர் மகள் சொன்னால் கேட்பார் என்று எங்கள் ஓபியில் ஒரு நம்பிக்கை உண்டு.

டிஎஸ்ஹெச், தைராய்டு ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3, கூடவே ரிசெப்டர் ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் வாங்கியது ஸ்டீராய்டு சொட்டா என்று பாருங்கள், அதை மாதக்கணக்கில் ஊற்றினால் கண் அழுத்தம் ஏறும். பார்வை மங்கினாலோ சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ நரம்பு அழுத்தப்படுகிறது என்று அர்த்தம், அன்றே போக வேண்டும்.

கேள்வி: டொக்டர், நான் இருக்கிறது ஸ்கார்பரோவில். ஆகஸ்ட் நடுவில் ராக்வீட் என்ற களையின் பூந்தாது தொடங்கினால் முதல் உறைபனி விழும் வரைக்கும் மூக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஹஷிமோட்டோவும் இருக்கு. ஒரு இயற்கை வைத்திய நிலையத்தில் 200 சாப்பாட்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, கோதுமை, பால், முட்டை எல்லாம் விடச் சொல்லிவிட்டினம். விட்டால் இரண்டும் மாறுமா?
— கனடா வாசகி

பதில்: அந்த 200 சாப்பாட்டு டெஸ்ட் பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியின் அளவைப் பார்ப்பது. நீங்கள் எதை அடிக்கடி சாப்பிடுகிறீர்களோ அதற்கு ஐஜிஜி இருக்கும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். இடியப்பம் தினமும் சாப்பிடுபவருக்கு அரிசி என்று வரும். அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. ராக்வீட் மூக்கு பாலை விட்டதால் நிற்கப்போவதில்லை.

கோதுமை விஷயத்தில் மட்டும் ஒரு சிறு உண்மை உண்டு. சீலியாக் என்ற குடல் நோயும் ஆட்டோஇம்யூன் நோய்தான், ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வயிற்றுப்போக்கு, ரத்த சோகை, எவ்வளவு ஏற்றினாலும் தைராய்டு மாத்திரை பத்தவில்லை என்கிற நிலை இருந்தால் அதற்கென உள்ள ரத்தப் பரிசோதனையைக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் பாணையும் (பிரெட்) ரொட்டியையும் விடுவதற்கு முன்னால் கேளுங்கள், விட்ட பிறகு எடுத்தால் டெஸ்ட் பொய்யாக நார்மல் காட்டும். சீலியாக் இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: கார்பிமசோல் தொடங்கி ஆறு வாரம். அலர்ஜி சீசன் வேறு, தொண்டை வலியும் காய்ச்சலும் இருக்கிறது. சளி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
— மதுரை

பதில்: போடாதீர்கள். கடைச் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும், ஏற்கெனவே ஓடுகிற இதயத்தை அது இன்னும் விரட்டும். ஆனால் அது சின்ன விஷயம். அலர்ஜியில் காய்ச்சல் வராது. கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளை அணுக்கள் திடீரென்று காணாமல் போகும். அதன் முதல் அடையாளமே தொண்டை வலியும் காய்ச்சலும்தான், சிலருக்கு வாய்ப்புண்ணும் வரும். இன்று மாத்திரையை நிறுத்திவிட்டு, இன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி. எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் சொன்னபடி திரும்பத் தொடங்கலாம். இந்தப் பதிலை உங்களுக்குத் தொலைபேசியிலும் சொல்லியாயிற்று, மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன்.

கேள்வி: எனக்குப் படபடப்பு, நடுக்கம் எதுவும் இல்லை. முடி கொட்டுகிறது என்று ஹெல்த் செக்கப்பில் தைராய்டு பார்த்தார்கள். டிஎஸ்ஹெச் மிகக் குறைவு, டி4 அதிகம், கிரேவ்ஸாக இருக்கலாம் என்று கார்பிமசோல் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தூசி அலர்ஜி உண்டு, அதனால் வந்திருக்குமா? முடிக்காக பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன், வேறு மருந்து இல்லை.
— சேலம்

பதில்: தூசியை விடுங்கள், அந்த பயோட்டினைப் பிடியுங்கள். நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிற வைட்டமினை நீங்கள் 10,000 சாப்பிடுகிறீர்கள். பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளப்பதற்கே பயோட்டினைத்தான் உள்ளே பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் மெஷின் குழம்பி டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டும், சில மெஷின்களில் கிரேவ்ஸ் ஆன்டிபாடிகூட இருப்பதாக வரும். 2017ல் அமெரிக்க மருந்துத் துறையே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மருந்து எழுதியவரிடம் பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர் ஒத்துக்கொண்டால் பயோட்டினை நிறுத்தி, குறைந்தது இரண்டு முழு நாள் விட்டு, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டெஸ்ட்டைத் திரும்ப எடுங்கள். அந்த ரிப்போர்ட் வரும் வரை கார்பிமசோல் டப்பாவின் சீலை உடைக்க வேண்டாம்.